ராக்கோழிக்கு வழக்கமானது

பாருக்குப் போகிறவர்கள் என்ன சட்டை போடுவார்கள் என்று ராக்கோழிக்குத் தெரியவில்லை.

ஊரிலுள்ள பார்களையும் அங்கே வாசிக்கிற இசைக்குழுக்களையும் பற்றி ‘ராக்கோழி’ என்ற புனைபெயரில் வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவருக்கு இது தெரியாமல் இருப்பது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். கட்டிலில் இரண்டு சட்டைகளை விரித்துப் போட்டு முறைத்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, இந்தக் கோடு போட்டது?” என்றாள் மனைவி.

“பள்ளிக்கூடத்துல பீஸ் கட்டப் போற மாதிரி இருக்கும்.”

“அப்ப பூப் போட்டது?”

“இதப் போட்டா என்னையே மேடையில ஏத்திப் பாடச் சொல்லிடுவாங்க.”

“நீங்கதான் எழுதுவீங்களே, ‘ராக்கோழி வழக்கம்போல் கறுப்புச் சட்டையில்’ன்னு?”

“எழுதுறதுக்கு என்ன! நம்ம வீட்டுல கறுப்பா இருக்கிறது தோசைக்கல்லு ஒண்ணுதான்.”

மனைவி மாடி வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு கறுப்புச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது. மாடி வீட்டுக்காரர் ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறுகிறவர் என்பதும், அது அவருடைய வேலைச் சட்டை என்பதும் அவசரத்தில் இருவருக்கும் உறைக்கவில்லை.

உண்மை இதுதான். ராக்கோழி பகலில் புரூஃப் ரீடர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மற்றவர்கள் எழுதியதில் ஒற்று மிகும் இடம், மிகா இடம் பார்த்தே கண் பூத்துப் போனவர். கோழி கூவுமுன் எழுந்து, கோழி அடையும்போது படுக்கிற ஆள். அந்தப் பத்தியை முன்பு எழுதிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பத்திரிகைக்கு ஓடிவிட, அன்றைய எடிட்டர், “இந்த ஒரு வாரம் மட்டும் எதையாவது எழுதி ரொப்புய்யா” என்று இவர் தலையில் கட்டினார். பார் எப்படி இருக்கும்? யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். எதிரில் என்ன இருந்ததோ அதை எழுதினார்.

அவர்கள் குடியிருப்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். சமையலறைக்கு நேர் மேலே மாடிப்படி. ஆகவே, ‘படிக்கட்டுக்குக் கீழே ஒரு பார்’ பிறந்தது. பையன் பந்தடித்துக் கோணலாகிப் போன பச்சை விளக்கு அந்த பாரின் விளக்கானது. படியில் ஆட்கள் ஏறி இறங்கும் சத்தம் கிதாரானது. எவ்வளவு திருகினாலும் நிற்காத குழாயின் சொட்டு, கீழே கவிழ்த்திருக்கும் அலுமினியச் சட்டியில் விழுந்து, தாளமானது. ‘இங்கே மது ஊற்றுகிற அம்மணி உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. உங்களுக்கு எது நல்லது என்று அவருக்குத் தோன்றுகிறதோ அதை வைப்பார். எதிர்த்துப் பேசினால் அதுவும் கிடையாது’ என்று எழுதியபோது மனைவி முதுகுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “நான் பாட்டுக்கு இருக்கேன், என்னை எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க?” என்றாள். ஆனால் அடுத்த வாரம், “இந்தத் தடவை நான் வரலையா?” என்று அவளே கேட்டாள்.

ஒரு வாரம் என்று ஆரம்பித்தது நிற்கவே இல்லை. ‘ராக்கோழி ரவுண்டு’ படிப்பதற்காகவே பத்திரிகை வாங்குகிறவர்கள் பெருகினார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்ததை அவர் ஒருமுறை பார்த்தார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் நடந்து வந்தார். அவருடைய வாழ்க்கையில் அவர் எழுதியதற்காக யாரும் சிரித்ததில்லை. அந்த ஒரு சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

இன்று காலையில்தான் வினை வந்தது. பத்திரிகை முதலாளியம்மா இரண்டு பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒருவர் ராக்கோழி. இன்னொருவர் எடிட்டர்.

எடிட்டர் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் வெந்நீர் கொண்டு வந்து, மடக்கு மடக்காகக் குடிக்கிற மனிதர். அவர் சிரித்துப் பார்த்ததாக அலுவலகத்தில் யாரும் சாட்சி சொல்லவில்லை.

“ராக்கோழின்னு ஒரு ஆளே கிடையாது, எல்லாம் கப்சான்னு என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா” என்றார் முதலாளியம்மா. “அவ முன்னாடி நான் தலைகுனிய முடியாது. இந்த வாரம் ராக்கோழி முகத்தைப் பெருசாப் போடறோம். எடிட்டர் சார், சாயங்காலம் நீங்க இவரோட போய் நாலு இடம் பாருங்க. பேண்டு வாசிக்கிறவங்களோட இவரை நிக்க வச்சு நீங்களே போட்டோ எடுங்க.”

எடிட்டரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல் ஆனது. “முகம் எதுக்கும்மா? கொஞ்சம் மர்மமா இருந்தாத்தான் வாசகருக்கு...”

“மர்மமெல்லாம் போதும். இவர் புளுகறார்னு தெரிஞ்சா, புரூஃப் பாக்கிற வேலையும் சேத்துப் போகும்னு இவருக்கே தெரியும். என்னங்க, தெரியுமில்ல?”

“தெரியும்மா” என்றார் ராக்கோழி.

மாலையில் ஊரின் நடுவிலிருந்த பழைய கடைத்தெருவில் இருவரும் சந்தித்தார்கள். துணிக்கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. சந்துக்குச் சந்து ஒரு பாட்டு கிளம்பி வந்து நடுத்தெருவில் மோதிக்கொண்டது. எடிட்டர் தலையில் தொப்பி, கழுத்தில் மப்ளர், மூக்கு முழுக்க மாஸ்க் என்று கண் மட்டும் தெரிய நின்றார்.

“தூசி ஒத்துக்காது” என்றார். “சட்டுபுட்டுன்னு ஏதாவது ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடலாம்.”

எதிரில் முதலில் தெரிந்த கதவை நோக்கி ராக்கோழி நடந்தார். வாசலில் மலை போல் ஒரு ஆள் நின்றான். ‘இங்குள்ள வாசல்காரர்கள் எல்லாரும் ராக்கோழியின் தோஸ்துகள்’ என்று எழுதிய பாவத்துக்கு இப்போது தோஸ்து பிடிக்க வேண்டும்.

“என்னப்பா, சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் எப்படி?”

“நீங்க யாரு?” என்றான் மலை.

“புதுசா வேலைக்குச் சேந்திருக்கான் போல” என்று எடிட்டரிடம் சமாளித்தார்.

“பதினோரு வருஷமா நிக்கிறேன்” என்றது மலை.

உள்ளே இருட்டு. எடிட்டர் பின்னாலிருந்து, “பாத்து, படி இருக்கு” என்றார். சொல்லி முடிப்பதற்குள் ராக்கோழி விழுந்துவிட்டார். எழுந்து, பார் மேடையில் சாய்ந்து நின்று, மது ஊற்றுகிறவனைப் பார்த்து அலட்சியமாக, “நமக்கு வழக்கமானது” என்றார். அவருடைய பத்தியில் ராக்கோழி எப்போதும் அதைத்தான் கேட்பார். ஏனென்றால் அவருக்கு ஒரு மதுவின் பெயர்கூடத் தெரியாது.

“வழக்கமானதுன்னா எது?”

“அதான்... எப்பவும் குடுக்கிறது.”

“யாருக்கு?”

“இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு குடுப்பா!”

ஒரு சின்னக் கிளாஸ் வந்தது. அதன் மேல் நீல நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ராக்கோழி பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுவது போல் பயத்தில் பலமாக ஊதினார். நெருப்பு அணைந்தது. பக்கத்தில் நின்றவரின் மடியும் நனைந்தது.

அவர் கோபப்படவில்லை. இவருடைய சட்டையைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, தொடைக்கத் துணி எடுத்துட்டு வா. அப்படியே அந்த மூலை டேபிளுக்கு ரெண்டு பீர்” என்றார்.

‘நான் சர்வர் இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கூட நிற்பது எடிட்டர். ஊரே அறிந்த ராக்கோழியை ஒருவன் சர்வர் என்று நினைத்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியலாமா? ஆகவே, “எனக்கு இங்கே அவ்வளவு உரிமை, நானே எடுத்துக் குடுப்பேன்” என்று கண்ணடித்துவிட்டு இரண்டு பீரைக் கொண்டு போய் வைத்தார். அவ்வளவுதான். அடுத்த டேபிள் கை தட்டிக் கூப்பிட்டது. அதற்கடுத்த டேபிள், “எவ்வளவு நேரமாக் கத்தறது?” என்று திட்டியது. ஐந்தாவது டேபிளுக்குக் கடலை கொண்டு போகும்போது அந்த இடத்து அசல் சர்வர் வந்து சட்டையைப் பிடித்தான். மலை வந்து இருவரையும் வெளியே விட்டது.

“ரொம்பப் பிரியமானவங்க” என்றார் ராக்கோழி, காலரைச் சரி செய்துகொண்டு. “வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறாங்க.”

“போட்டோ எடுக்கல” என்றார் எடிட்டர். அவர் குரலில் வருத்தம் இல்லை.

இரண்டாவது இடத்தில் மெல்லிய இசை. நீலப் புடவைக்காரி ஒருத்தி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். எடிட்டர் நேராகத் தூணுக்குப் பின்னால் இருந்த இருட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அவர்கள் எதையும் கேட்பதற்கு முன்பே ஒரு சர்வர் ஐஸ் போடாத எலுமிச்சை சோடாவையும், தோல் நீக்கிய வறுகடலையையும் கொண்டு வந்து வைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

எடிட்டருக்குப் புரையேறியது. ராக்கோழிக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கியது. கேட்காமலே வருகிறது! சட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்! கறுப்புச் சட்டை என்று எழுதியது வீண் போகவில்லை.

“பாத்தீங்களா சார்? நமக்கு இங்கே இருக்கிற மரியாதை!”

“உம்... உம்” என்றார் எடிட்டர், மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிச் சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு. “மரியாதையைப் பாத்தாச்சு. கிளம்பலாமா?”

“போட்டோ எடுக்காமலா? இந்த பியானோக்காரர் எனக்கு உயிர்த்தோழர் சார். ‘என் சகோதரன்’னு எத்தனை தடவை எழுதியிருக்கேன்!”

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். மரியாதை தலைக்கேறிய ராக்கோழி விறுவிறுவென்று மேடைக்குப் போனார். பியானோவின் மூடியைத் திறந்து, அதற்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். “சகோதரா!” என்று பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அவர் பியானோக்காரர் இல்லை, அறுந்த கம்பியை மாட்ட வந்த மெக்கானிக். அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவிப் பியானோவுக்குள் விழுந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் கம்பிகளையும் நலம் விசாரித்துவிட்டுப் போனது. நீலப் புடவைக்காரி கண்ணைத் திறந்தாள். அசல் பியானோக்காரர் ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். சகோதர பாசம் எதுவும் அவர் முகத்தில் தெரியவில்லை.

தெருவுக்கு வந்ததும் எடிட்டர், “போதும். வீட்டுக்குப் போகலாம். பூட்டின கதவு முன்னால ஒரு போட்டோ எடுத்துக்கலாம், ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடறேன்” என்றார். ராக்கோழிக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. எவ்வளவு நல்ல மனிதர்!

அப்போது ராக்கோழியின் போன் அடித்தது. முதலாளியம்மா.

“எங்க இருக்கீங்க? படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற பார்ல எடுத்தாச்சா? அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே எடுக்கணும். என் நாத்தனார் அதைத்தான் பொய்ங்கறா. அந்தப் படம் இல்லாம நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீஸ் பக்கம் வராதீங்க.”

அந்த பார் ராக்கோழியின் வீட்டுச் சமையலறை அல்லவா? ஒரு நொடி யோசித்தார். ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. ஏதாவது ஒரு இருட்டுச் சந்துக்குள் கூட்டிப் போய், ‘அடடா, போன வாரம் வரைக்கும் இங்கதான் இருந்தது, மூடிட்டாங்களே’ என்று சொல்லிவிடலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

“வாங்க சார், அந்தப் படிக்கட்டு பாருக்கே போகலாம்.”

“அங்கேயா? அங்கே வேண்டாமே. அது... அது இன்னிக்கு லீவா இருக்கலாம்” என்றார் எடிட்டர்.

“லீவா இருந்தா நமக்கு நல்லதுதானே சார்!”

கண்ணில் பட்டதிலேயே மோசமான சந்துக்குள் நுழைந்தார். கடைசியில் ஒரு பழைய கட்டடம். “அடடா!” என்று ஆரம்பித்து, கையை நீட்டி, “போன வாரம் வரைக்கும் இங்கதான்...” என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நீட்டிய விரலுக்கு நேராக ஒரு மாடிப்படி இருந்தது. அதன் கீழே ஒரு கதவு. கதவின் மேல் பலகை: ‘படிக்கட்டுக்குக் கீழே’.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பொய் சொல்லப் போய் உண்மை கிளம்பியிருந்தது. திரும்பிப் பார்த்தார். எடிட்டர் பேயறைந்த மாதிரி நின்றார். மப்ளரைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“உள்ள ரொம்பத் தூசியா இருக்கும்” என்றார் ஈனக்குரலில்.

“வேற வழியில்ல சார்” என்று ராக்கோழி கதவைத் தள்ளினார்.

உள்ளே அவருடைய சமையலறை இருந்தது.

பச்சை விளக்கு அவர் பத்தியில் எழுதிய அதே கோணலில் தொங்கியது. ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் மடித்து வைத்த செய்தித்தாள். கிழிக்க மறந்து போன பழைய மாதக் காலண்டர். மூலையில் தொட்டியின் மேல் குழாய், கீழே கவிழ்த்த அலுமினியச் சட்டி, டொக்... டொக்... டொக். அந்தச் சொட்டுக்கு இசைவாக டிரம்ஸ், அதன்மேல் கிதார், அதன்மேல் ஒருவர் உருகி உருகி சாக்ஸபோன். இடம் கொள்ளாத கூட்டம்.

“செருப்பைக் கழட்டி விட்டுட்டு, கை கழுவிட்டு வந்து உட்காருங்க” என்று பார் மேடைக்குப் பின்னால் மது ஊற்றிக்கொண்டு நின்ற பெண்மணி அதட்டினாள். கூட்டம் குதூகலித்தது.

காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த அதட்டலில் இறங்கிப் போனது. ராக்கோழிக்கு வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி. செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். ஒரு கொட்டாவி விட்டார். கழுவிவிட்டு, தினமும் படுக்கப் போகுமுன் என்ன செய்வாரோ அதை யோசிக்காமல் செய்தார். ஆணியில் தொங்கிய துணியை எடுத்துக் குழாயின் வாயில் சுற்றிக் கட்டினார். தண்ணீர் துணி வழியே சத்தமில்லாமல் இறங்கியது.

சொட்டு நின்றது. டிரம்ஸ்காரர் தடுமாறினார். கிதார் எங்கே போவது என்று தெரியாமல் முழித்தது. சாக்ஸபோன் பாதி ஊதலில் விக்கி நின்றது. எல்லாரும் திரும்பி, கையில் துணி முனையோடு வெறுங்காலில் நின்ற மனிதரைப் பார்த்தார்கள்.

பாரின் முதலாளி வேட்டையாட வருவது போல் வந்தார்.

“யாருய்யா நீ? சொட்டை ஏன்யா கட்டினே?”

இனி மறைத்துப் பயனில்லை. ராக்கோழி நிமிர்ந்து நின்றார். “நான்தான் ராக்கோழி.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“ராக்கோழியா! யார்கிட்ட விடறே?” என்றார் முதலாளி. “ராக்கோழி சார் வாராவாரம் வந்து அதோ அந்த நாற்காலியில உட்காருவாரு. இந்த விளக்கை எந்தக் கோணத்துல மாட்டணும்னு கூடவே நின்னு சொன்னது அவரு. இந்தச் சொட்டுக்கு எந்தச் சட்டின்னு பத்துச் சட்டியைத் தட்டிப் பாத்து எடுத்துக் குடுத்தது அவரு. நாங்க அவருகிட்ட ஒரு நாளும் பில் நீட்டினது கிடையாது. நீ யாருடா நடுவுல?”

ராக்கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும். எடிட்டர் கேட்டால் கேட்கட்டும். எவனோ ஒருவன் தன் பெயரில், தன் சமையலறையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்! பஸ்ஸில் அந்த மனிதர் சிரித்த சிரிப்பும் அவனுக்கா போய்ச் சேர வேண்டும்?

“இது என் வீடுய்யா!” என்று கத்தினார். “அந்த விளக்கைக் கோணலாக்கினது என் பையன். அந்தச் சட்டி என் மாமியார் குடுத்தது. கை கழுவச் சொல்றது என் பொண்டாட்டி! நான் இதுக்கு முன்னால ஒரு பார்லயும் காலே வச்சதில்ல. சத்தியமா நான்தான் ராக்கோழி!”

“பார்ல காலே வைக்காத ராக்கோழியாம்!” என்று சாக்ஸபோன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் ராக்கோழியின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்கள்.

“சாட்சி இருக்கு! எங்க எடிட்டரே கூட வந்திருக்காரு!”

எடிட்டர் கூட்டத்துக்குள் குனிந்து குனிந்து கதவைக் கிட்டத்தட்ட எட்டியிருந்தார். ராக்கோழி பாய்ந்து மப்ளரைப் பிடித்தார்.

“சார், எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன், என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ஆனா ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. யாரு சார் ராக்கோழி?”

இழுத்த இழுப்பில் மப்ளரோடு மாஸ்க்கும் தொப்பியும் சேர்ந்து வந்துவிட்டன. பச்சை வெளிச்சம் எடிட்டர் முகத்தில் முழுசாக விழுந்தது.

பாரின் முதலாளி இரண்டு கையையும் குவித்து, முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

“அடடே, ராக்கோழி சார்! நல்ல நேரத்துல வந்தீங்க, உங்க பேரைச் சொல்லிக்கிட்டு எவனோ ஒருத்தன் வந்திருக்கான், பாருங்க!”